பின்னால் வந்த வண்டி

விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் ராஜாமணியின் வாட்டர் சர்வீஸ் கொட்டகைப் பக்கம் போனால், வண்டி கழுவ வந்த கூட்டம் என்று நினைத்து ஏமாந்துவிடுவீர்கள். கழுவி, காய்ந்து, மறுபடி தூசியும் படிந்துவிட்ட வண்டிகள்தான் அங்கே பாதி. ஆட்கள் மட்டும் நகரமாட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்து வாயில் போட்டபடி, ஓட்டுகிற வண்டியைத் திட்டுவதும் அடுத்து வாங்கப்போகிற வண்டியைப் புகழ்வதும்தான் அவர்களுக்கு வேலை. அந்த அடுத்த வண்டியை யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

பத்திரம் எழுதுகிற தேவநாதனிடம் டிசையர் இருக்கிறது, இன்னோவா எடுக்கப்போகிறார். உரக்கடை சக்கரபாணியிடம் பழைய ஸ்கார்பியோ; அவருடைய ஆசை வாராவாரம் மாறும். டயர் கடையில் வேலை பார்க்கும் தென்னரசுவிடம் ஒரு ஆல்டோ. ஆனால் எந்த வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் வாய் திறப்பவன் அவன்தான். "எடுத்தா டாப் எண்டு எடுக்கணும், இல்லன்னா சைக்கிள்ல போயிடணும்" என்பது அவன் கட்சி.

இந்த ஆண்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரே பெண் ஜெசிந்தா. வயது நாற்பதை நெருங்குகிறது. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டாம் பூசை முடிந்ததும், கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு வேகன்ஆரைக் கொண்டுவந்து கொட்டகையில் நிறுத்துவாள்.

"இன்னா சிஸ்டர், டப்பா இன்னும் ஓடுதா?" என்பார் தேவநாதன்.

"உங்க டிசையரை ஓவர்டேக் பண்ற அளவுக்கு ஓடுது சார்."

அவளுக்கு அடுத்து வேண்டியது தார் ஜீப். அதுவும் நாலு சக்கரமும் இழுக்கிற தார். எதற்கு என்று கேட்டால், முகையூர் ஏரிக்கரையில் ஏற்றிப் பார்க்க என்பாள். முகையூர்தான் அவள் பிறந்த ஊர். அப்பா சவுரிராயன் கரும்பு வெட்டப் போனவர். அவர்கள் வீட்டில் மாட்டுவண்டிகூட இருந்ததில்லை. படித்து முடித்து முதல் வேலைக்குச் சேர்ந்தபோது, நோயாளிகளைப் புதுச்சேரிக்கு மாற்றும் ஆம்புலன்ஸில் அவளை ஏற்றிவிடுவார்கள். திரும்பி வரும்போது வண்டி காலியாக இருக்கும். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை எப்போது கியருக்குப் போகிறது, கால் எப்போது எதை மிதிக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவாள். அந்தக் கிறுக்கு அப்போது பிடித்தது. எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியதும், தன் சம்பளத்தில் பழைய வேகன்ஆரை வாங்கியதும் அதற்குப் பல வருஷம் கழித்துத்தான்.

அவள் கணவன் அடைக்கலராஜ் ஹார்டுவேர் கடையில் வேலை செய்கிறவர். நல்ல மனுஷர். காலை ஐந்து மணிக்கு எழுந்து மனைவிக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறவர் எங்கள் தெருவில் வேறு யார்? ஆனால் ரோடு என்றாலே அவருக்குக் குலை நடுங்கும். ஸ்கூட்டர்கூட ஓட்ட மாட்டார். வேகன்ஆரைச் சாமியார் மந்திரித்து, தீர்த்தம் தெளித்த அன்று, கோயில் வாசலிலேயே மனைவியை நிறுத்திச் சத்தியம் வாங்கினார்.

"தோ பாரு ஜெசி. ஒரு கீறல் விழுந்தாலும் சரி, வழியில எதனா ஒண்ணு ஆச்சுன்னு நீ சொன்னாலும் சரி, அன்னிக்கே வண்டிய வித்துடணும். அப்புறம் நீ பஸ்லதான் போவணும். அந்தோனியார் மேல ஆணையா சொல்லு."

வண்டி கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில் அவளும் சொல்லிவிட்டாள். ஜெசிந்தா விளையாட்டுக்குச் சத்தியம் செய்கிற ரகம் இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

மார்கழி பிறந்த வாரத்தில் அந்த வண்டி வந்தது.

காலை டியூட்டிக்கு ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் இருக்க வேண்டும். ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவாள். அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் பனி இறங்கி, முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூட பக்கத்தில் போனால்தான் தெரியும். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது. மேலே மெல்லிய வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே உருண்டையாக இரண்டு பெரிய விளக்குகள். யாரோ அவசரமாகப் போகிறார்கள் என்று இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டாள். அது முந்தவில்லை. அவள் வேகத்தைக் குறைத்தாள், அதுவும் குறைத்தது. வேகத்தைக் கூட்டினாள், அதுவும் கூட்டியது. பிறகு அவள் வண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்வதுபோல் நெருங்கிவந்து, பெரிய லைட்டை இரண்டு தடவை போட்டு அணைத்தது. வண்டிக்குள் பகல் மாதிரி வெளிச்சம். கண்ணாடியில் தொங்கிய செபமாலை அவள் முகத்தில் நிழலாக ஆடியது.

கூட்டேரிப்பட்டு வந்ததும் வெளிச்சம் காணாமல் போனது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் வண்டியின் பின்பக்கத்தைத்தான் முதலில் போய்ப் பார்த்தாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். நம்பரைப் படிக்கலாம் என்றால் கண் கூசுகிறது. டோல்கேட் தாண்டியதும் "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பிப்பாள். பாதிக்கு மேல் ஒருநாளும் போனதில்லை. லைட் வந்துவிடும், மந்திரம் மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். எந்த வண்டியும் முன்னால் போகாத வெறும் ரோட்டில், இருபக்கமும் வயலும் பனியும் மட்டும் இருக்க, பின்னால் வருகிறவன் என்ன நினைத்துக்கொண்டு வருகிறான் என்று தெரியாமல் ஓட்டுவது இருக்கிறதே, அதை ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். இடித்துத் தள்ளப் பார்க்கிறானா? நிறுத்த வைக்கப் பார்க்கிறானா? நிறுத்தினால் என்ன செய்வான்? அவளுக்கு வேறு வேலையும் வாய்த்தது பாருங்கள், விபத்து வார்டு. அதே ரோட்டில் அடிபட்டவர்களுக்குத்தான் தினமும் தையல் போடுகிறாள், கட்டுப் போடுகிறாள். ஒரு காலையில் ஒரு பெண்ணின் தலையிலிருந்து கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, நாளைக்கு நம்மையும் இந்தக் கட்டிலுக்குத்தான் தூக்கிவருவார்கள் என்று தோன்றியது. அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

யாரிடம் சொல்வது? கூட வேலை செய்யும் நர்ஸிடம் சொன்னால் விழுப்புரத்துக்குத் தெரிந்துவிடும். போலீஸுக்குப் போனால் அவர்கள் முதலில் கேட்பதே வீட்டுக்காரர் எங்கே என்றுதான். அடைக்கலராஜிடம் சொன்னால் அன்றைக்கே வண்டி போய்விடும். "பனி ஜாஸ்தியா இருந்துச்சா? வழியில எதனா பேஜாரா?" என்று அவர் தினமும் சாயங்காலம் கேட்பார். "ஒண்ணுமில்ல" என்பாள். கிறிஸ்துமஸுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்த மகள் ஜாக்குலின், "ஏம்மா இப்படி இளைச்சுட்ட?" என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

புது வருஷம் பிறந்து முதல் ஞாயிறு. ஜெசிந்தா ஒரு யோசனையோடு கொட்டகைக்கு வந்தாள். பயப்படுகிறேன் என்று சொன்னால்தானே வம்பு? வண்டி விஷயமாகக் கேட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? எந்த வண்டி என்று தெரிந்தாலாவது பாதி பயம் குறையும் என்று நினைத்தாள், பாவம்.

"காலையில ஒரு வண்டிய கண்ணாடியில பாக்கறேன். லைட்டு ரொம்ப அழகா இருக்கு. மேல மெல்லிசா ஒரு கோடு, கீழ பெருசா ரெண்டு உருண்டை. இன்னா வண்டி அது? எனக்கும் அந்த மாதிரி எடுக்கணும்னு ஆசையா இருக்கு."

கேட்டதும் ஆண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். லைட்டை வைத்து வண்டியைச் சொல்வது அவர்களுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"ஹெக்டரு" என்றார் தேவநாதன்.

"ஹெக்டருக்கு அவ்ளோ மெல்லிசு கோடு ஏது? அது ஹாரியரு" என்றார் சக்கரபாணி. "கோடு நடுவுல சேருதா, தனித்தனியா இருக்குதா சிஸ்டர்?"

"தனித்தனியாதான்."

"அப்ப பழைய ஹாரியரு. செகண்ட்ஸ்ல எவனோ வாங்கியிருக்கான். அதுவும் கீழ் வேரியண்டா இருக்கும். லைட்டு வெளியில வாங்கி மாட்டிக்கினு பந்தா பண்ணிக்கினு இருப்பான்."

"கீழ் வேரியண்ட் இல்லண்ணே, டாப் எண்டு" என்றான் தென்னரசு. "லைட்டும் கம்பெனி லைட்டுதான். சன்ரூஃபெல்லாம் இருக்குது."

சொல்லிவிட்டு ஒரு மல்லாட்டையை உடைத்தான்.

ஜெசிந்தா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்டதிலிருந்து அதுவரை தென்னரசு வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவன், ஹெக்டரா ஹாரியரா என்று இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டபோது எங்கே போயிருந்தான்? பின்னால் வருகிற வண்டியின் கூரையைக் கண்ணாடியில் யாராலும் பார்க்க முடியாது. சன்ரூஃப் இருப்பது அந்த வண்டிக்குள் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். இத்தனை நாள் ஆட்டிப்படைத்தவன், தன் வண்டியைக் கீழ் வேரியண்ட் என்றதும் பொறுக்க முடியாமல் உளறிவிட்டான்.

மற்றவர்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. நம்ம ஊர் வெயிலுக்குச் சன்ரூஃப் எதற்கு என்று தேவநாதன் ஆரம்பித்து, மழைக்கு ஒழுகுமா ஒழுகாதா என்று சக்கரபாணி பிடித்துக்கொண்டார். தென்னரசு மட்டும் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். போன மாதம்தான் அவள் வண்டியின் நாலு டயருக்கும் காற்றுப் பார்த்து, "ஜாக்கிரதையா போங்க சிஸ்டர்" என்று சொன்னவன். அவளுக்கு எத்தனை மணிக்கு டியூட்டி, எந்தத் தெருவில் வீடு, எப்போது வீட்டில் யார் இருப்பார்கள், எல்லாம் தெரிந்தவன். முன்பின் தெரியாதவன் என்று நினைத்துப் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தலைவலிக்கிறது என்று சொல்லி, கழுவாத வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கொட்டகை வாசலில் ரிவர்ஸ் கியர் விழவே மாட்டேன் என்றது.

வீடு வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். வண்டி போனால் போகட்டும். உயிரோடு இருந்தால் போதும்.

அடைக்கலராஜ் அடுப்படியில் உட்கார்ந்து கோழிக்குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என் பின்னாடி தெனம் காலையில ஒரு வண்டி வருதுங்க. டோல்கேட்டுல இருந்து ஒட்டிக்கினே வருது. லைட்ட அடிச்சு அடிச்சுப் பயமுறுத்துது. யாருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தென்னரசு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை.

அவர் நிமிரவில்லை. "அவன் இன்னா பண்ணிடப் போறான்? நல்ல பையன்தான்" என்றார்.

குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்றால் எப்போதிலிருந்து, எந்தக் குழாய், யார் திறந்தது என்று பத்துக் கேள்வி கேட்கிற மனுஷர். மனைவியை ஒருவன் இருட்டில் துரத்துகிறான் என்கிறாள். எந்த வண்டி என்று கேட்கவில்லை, எத்தனை நாளாக என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. பூண்டு உரிக்கிறார். ஜெசிந்தாவின் அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் அடுத்த பூண்டை எடுத்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். தெரியுமா?"

"நான்தான் சொன்னேன்" என்றார், பூண்டைப் பார்த்துக்கொண்டே. "நீ கிளம்புனதுல இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்துட்டேன்னு போன் பண்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல ஜெசி. விட்டுடுன்னு சொன்னா நீ கேக்க மாட்ட. நீயா பயந்து விட்டுட்டா நல்லதாச்சேன்னு... அவனும் கடன ஒடன வாங்கி செகண்ட்ஸ்ல அந்த வண்டிய எடுத்திருந்தான். மார்கழியில எடுத்ததால தை பொறந்து மயிலம் கோயில்ல பூஜை போட்டப்புறம்தான் வெளிய காட்டணும்னு விக்கிரவாண்டியில மச்சான் ஊட்ல மறைச்சு வெச்சிருக்கான். காலையில யாருக்கும் தெரியாம ஓட்டிப் பழகப் போறேன்னான். அப்ப கொஞ்சம் எங்க வீட்டுக்காரி பின்னாடி போயேன்டான்னு கேட்டேன். அவ்ளோதான்."

இருபது வருஷம் கூட வாழ்ந்தவர், தன் பயத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, தினமும் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த விளக்கைவிட இதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. குழம்பு அடுப்பிலேயே கிடந்தது. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. தென்னரசுவை நிறுத்தச் சொல்ல அவர் போனை எடுத்தபோது, "இப்ப வேணாம்" என்று தடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை காப்பி டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, "சட்டைய மாட்டுங்க. நீங்களும் வாங்க" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். குற்றம் செய்தவர் வேறு என்ன செய்வார்? வண்டியில் ஏறும்போது அவர் கையிலிருந்த போனை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று பனி வழக்கத்தைவிட மோசம். டோல்கேட் தாண்டியதும் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது.

"தென்னரசுதான். ஒண்ணும் ஆவாது" என்றார் அடைக்கலராஜ். அவளுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

வெளிச்சம் நெருங்கியது. டேஷ்போர்டில் இருந்த வேளாங்கண்ணி மாதா படம் பளிச்சென்றது. அவர் திரும்பிப் பார்த்தார், கண் கூசித் திரும்பிக்கொண்டார்.

"இன்னாது, இவ்ளோ கிட்டயா வருவான்?"

பெரிய லைட் இரண்டு தடவை அடித்தது. யார் என்று தெரியும், எதற்கு வருகிறான் என்று தெரியும், அனுப்பியதே தான்தான். அப்படியிருந்தும் அடைக்கலராஜின் கை கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"ஜெசி, போன குடு. வேணாம்னு சொல்லிடறேன். ஜல்தி குடு."

"ஓட்டும்போது எடுக்க முடியாது."

"அப்ப ஓரமா நிறுத்து! நிறுத்துடி!"

"நிறுத்துனா பின்னாடி இடிப்பான். அதான் நான் ஒரு நாளும் நிறுத்தல."

அவள் குரலும் நடுங்கத்தான் செய்தது. பழகிவிட்டால் பயம் போய்விடும் என்பதெல்லாம் பொய்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து அது வந்தது. பின்பக்கம் ஒரு விளக்குகூட இல்லாமல், இரண்டு பக்கமும் பிதுங்கக் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆமைபோல் ஊர்ந்துபோகிற டிராக்டர். கரும்புத் தோகை கண்ணுக்கு நேரே தெரிகிற தூரம்தான் இருந்தது. பிரேக் போட்டால் பின்னால் இருப்பவன் ஏறிவிடுவான். போடாவிட்டால் கரும்புக்குள் போய்விடுவார்கள். ஜெசிந்தா ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தாள். வேகன்ஆர் தார் ரோட்டை விட்டு இறங்கி, சரளைக்கல்லில் சறுக்கி, குலுங்கி, ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் நின்றது. டயர் தேய்கிற சத்தத்தோடு ஹாரியர் அவர்களை உரசாமல் உரசிக்கொண்டு போய்க் கொஞ்சம் முன்னால் நின்றது. டிராக்டர்காரர் எதுவும் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தார்.

அடைக்கலராஜ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்றார்.

தென்னரசு ஓடி வந்தான். "சிஸ்டர், அடி ஒண்ணும் படலையே..." என்று குனிந்தவன் உள்ளே இருந்தவரைப் பார்த்து அப்படியே நின்றான்.

"கொன்னுருப்பியேடா!" என்று கத்தினார் அடைக்கலராஜ். "இப்படியா ஒட்டிக்கினு வருவ?"

"நீங்கதானே அண்ணே சொன்னீங்க. இன்னும் பயப்பட மாட்டேங்கறா, இன்னும் கொஞ்சம் கிட்ட போடான்னு போன வாரம்கூட சொன்னீங்களே."

அடைக்கலராஜ் மனைவியின் பக்கம் திரும்பினார். "வேணாம் ஜெசி. பாத்த இல்ல? இன்னிக்கே வித்துடலாம். சத்தியம் பண்ணியிருக்க."

ஜெசிந்தா கதவைத் திறந்து இறங்கினாள். வண்டியைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று நடந்தாள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், எல்லா இடத்தையும் கையால் தடவிப் பார்த்தாள். புழுதி இருந்தது. கீறல் இல்லை.

"வழியில எதனா ஆச்சுன்னு நான் சொன்னாத்தானே வித்துடணும்? நேத்து சொன்னது நீங்களே ஆளு வெச்சுப் பண்ணது, அது சத்தியத்துல சேராது. இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றாள். "இறங்குங்க."

"நான் எப்படிப் போவேன்?"

"எப்படியாவது போங்க. உங்க ஆளுதான் இருக்கானே, அவன் வண்டியில போங்க."

அவர் ஹாரியரைப் பார்த்தார். சற்றுமுன் கண்ணாடியில் பார்த்த அந்த வெளிச்சத்தை நினைத்திருப்பார் போலிருக்கிறது. தலையை வேகமாக ஆட்டினார். "அவன்கூட நான் போவ மாட்டேன்" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"நான் தெனம் அவன் முன்னாடி போனேன்" என்றாள்.

அவர் இறங்கினார். போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மருந்து மாத்திரை கொடுக்கிற மாதிரி, கையில் வைத்து விரலை மூடினாள். பிறகு வண்டியை எடுத்தாள். முதல் தடவை நின்றுவிட்டது. இரண்டாம் தடவை கிளம்பியது. ரோட்டோரத்தில் இரண்டு ஆண்கள் பனிக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் தெரியவில்லை.

கூட்டேரிப்பட்டு தாண்டியது. கிழக்கே வெளுக்கத் தொடங்கியது. பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் திண்டிவனம் போய்ச் சேரும்வரை அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினாள்.